சம்பந்தியம்மா கடையின் குண்டெழுத்து

சூளகிரி
14.9.1988

கண்ணு முனிவேலு, அம்மா எழுதறேன். நீயும் காவேரியும் பம்பாயில சௌக்கியமா இருக்கணும்னு சாமிய வேண்டிக்கிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். எங்களுக்கு இங்க ஒண்ணும் குறையில்ல. அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில காலை ஷிப்டு, முட்டிவலி தைலத்துல அடங்கியிருக்குது. மழை ரெண்டு தடவ பேஞ்சுது, ராகிக்கு அது போதும்ங்கறாங்க. போட்டோ வந்துச்சு, காவேரி இளைச்ச மாதிரி தெரியறா, காலையில வெறும் டீயோட இருக்க விடாத.

இப்ப நான் எழுத வந்த விசயம் வேற, மனசுல வெச்சிருந்தா எனக்குத்தான் கேடு, அதனால சொல்லிடறேன். உன் மாமியார் நஞ்சம்மா பெட்ரோல் பங்குக்கு அந்தாண்ட டிபன் கடை போட்டது உனக்குத் தெரியும். பன்னண்டு வருசமா நான் நடத்தற கடைக்கு அரை மைல்தான். போடட்டும், ரோடு பொதுதானேன்னு இருந்தேன். ஆடி மாசம் அங்க புது போர்டு ஏறிச்சு. அவங்களே வந்து, எழுத்த மாப்பிள்ளை தாளுல வரைஞ்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினார்னு சொன்னாங்க. நல்லதுங்க சம்பந்தின்னு சிரிச்சேன். அவங்க போனதும் கரண்டிய அப்படியே போட்டுட்டு உக்காந்துட்டேன். என் மகன் பம்பாயில எழுத்து வரையற வேலையில இருக்கறான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவ நான், என் கடையில இன்னும் சோடா கம்பெனிக்காரன் கொடுத்த துருப்பிடிச்ச தகரம்தான் தொங்குது. கத்திரிக்காய் கொடுக்கற சாக்குல ஒரு நாள் போய் அந்த போர்டுக்கு அடியில நின்னு பாத்தேன். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருக்குது. எழுத்துக்கு வாலும் இல்ல, கூரும் இல்ல, தேன்குழல் பிழிஞ்ச மாதிரி மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே தடிமன், முனையெல்லாம் மொழுக்குனு உருண்டு நிக்குது. பாத்தாலே உள்ள வா, உக்காருன்னு கூப்பிடற மாதிரி இருக்குது. அதுதான் என்னைய இன்னும் எரிச்சுது. பெங்களூரு பஸ் டிரைவருங்களுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனா அந்த எழுத்து பங்குக்கு இந்தப்பக்கமே கண்ணுல படுதாம். கன்னடத்துல குண்டுன்னா உருண்டைதானே, குண்டெழுத்துக் கடைன்னே பேர் வெச்சு அங்கதான் நிறுத்தறாங்க. என் கடையில பத்து மணிக்குக் காலியாகற மாவு இப்ப மதியம் வரைக்கும் புளிச்சிக்கிட்டுக் கெடக்குது.

என்ன பண்ணினேன் தெரியுமா, லாரிக்கு நம்பர் எழுதற ஆஞ்சப்பன அனுப்பி அந்த எழுத்தப் பாத்துட்டு வரச் சொன்னேன். அதைவிட குண்டா எழுதுன்னும் சொல்லிட்டேன். நாராயணம்மா டிபன் கடைங்கறது நீளமான பேரு, பலகையில இடமில்லாம ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சு, கறுப்புப் பெயிண்டுல கொழுக்க எழுதிட்டான். மூணு சுழி ண-வுல ஒரு சுழியும் தெரியல, உள்ள இருந்த ஓட்டையெல்லாம் அடைச்சுப்போய் கறுப்பு உருண்டையா நின்னுது. மறுநாள் ஒரு லாரிக்காரர் வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து, பஞ்சர் ஒட்ட ஆள் இருக்கறாங்களான்னு கேட்டார். டயர் படம்னு நெனச்சாராம். உங்கப்பா சிரிச்ச சிரிப்புக்கு ரெண்டு நாள் அவரோட நான் பேசல.

அது எப்படியோ நஞ்சம்மா காதுக்குப் போய், போன வெள்ளிக்கிழமை வந்தாங்க. சிரிப்பாங்கன்னு நெனச்சேன், சிரிக்கல. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு, பையிலிருந்து நீ அனுப்பின தாளுங்கள எடுத்து மேசையில விரிச்சாங்க. கட்டம் கட்டமா பென்சில் கோடு, ஓரத்துல உன் கையெழுத்து. எழுத்து தடிக்கத் தடிக்க சுழிக்குள்ள ஓட்டையப் பெருசா விடணும், இல்லன்னா தூரத்துல அடைச்சுக்கும், ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டு அப்புறம் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்க அத்தைன்னு எழுதியிருந்த. இத ஆஞ்சப்பன்கிட்டக் கொடுங்க, இதே மாதிரி எழுதட்டும்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா என் மகன் கை வேலைய அவங்க கையிலிருந்து நான் வாங்கணுமா. ஆஞ்சப்பன் கிருஷ்ணகிரி போயிட்டான்னு பொய் சொல்லி தாளத் திருப்பிக் கொடுத்துட்டேன். நீ எப்படி அவங்களுக்கு மட்டும் வரைஞ்சு கொடுத்தன்னு கேக்காம இருக்க முடியல, கேட்டுட்டேன். அதுக்கு அவங்க, நான் மூணு கடுதாசி போட்டுக் கேட்டேன், நீங்க கேட்டீங்களான்னாங்க. பெத்தவ கேக்கணுமான்னு இருந்துட்டேன் கண்ணு, அது என் தப்புதான்.

அதனால இப்பக் கேக்கறேன். எனக்கும் ஒரு எழுத்து வரைஞ்சு அனுப்பு. அவங்களுக்குக் கொடுத்தது வேண்டாம், அதே மாதிரி குண்டா, ஆனா யாருக்கும் கொடுக்காததா இருக்கட்டும். என் பேருல இருக்கற ண-வுக்கு மூணு சுழியும் தெளிவாத் தெரியணும். பேரு நீளம்னு எழுத்தச் சிறுசு பண்ணிடாத, பலகைய நான் பெருசாச் செஞ்சுக்கறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும் மனசு ஒத்து, நோய்நொடி அண்டாம நெறைவா வாழணும். ரயில்ல தொங்கிக்கிட்டுப் போகாத. முக்கியமா, இந்தக் கடுதாசிய காவேரி கண்ணுல காட்டாத, அவ அம்மாவ நான் குறை சொல்றேன்னு நெனச்சுக்குவா, படிச்சதும் கிழிச்சுடு. ஆஞ்சப்பன் எழுதினது மேல முந்தாநாளே வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். போர்டு இப்ப வெறுமையாத்தான் நிக்குது. கடைய மூடிட்டீங்களான்னு நேத்து ஒரு கண்டக்டர் கேட்டார். இல்லீங்க, என் மகன் பம்பாயில எழுதிக்கிட்டு இருக்கறான்னு சொன்னேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
நாராயணம்மா