பெட்டி கேட்ட பெயர்

கரியமாணிக்கம்
17.1.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகாலட்சுமிக்கு,

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மகன் புகழேந்தி, மொட்டையடித்த தலையோடு. மருமகள் இளவரசி. திருக்கனூரிலிருந்து வந்த அஞ்சலைச் சித்தி, அவளுடைய இரண்டு மருமகள்கள். பக்கத்து வீட்டிலிருந்து உன் சின்ன அண்ணன் மகன் மணவாளன், இந்தத் தெருவுக்கெல்லாம் கேபிள் விடுகிறவன். பாரீசிலிருந்து வந்த நீ. மாலை போட்ட படத்தில் உன் பெரிய அண்ணன். ஆறு வருஷம் ஆகிறது. யார் எந்தச் சுவரோரம் உட்கார்ந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

உன் அண்ணனுடைய பதினாறாம் நாள் காரியம். பகல் செய்தி ஆரம்பிக்காமல் அவர் சோற்றில் கை வைத்தவர் இல்லை. அதனால் படையல் இலையைப் போட்டுவிட்டு நான் டிவியைப் போட்டேன். செய்திக்கு முன்னால் கொஞ்ச நேரம் விளம்பரம் ஓடியது. செய்தி வாசிக்கிறவள் வணக்கம் சொல்லிக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் படம் போயிற்று. மாடியிலிருந்து மணவாளன் இறங்கி வந்தான். கம்பியைப் பிடுங்கியிருக்கிறான். "சந்தா பாக்கி கீது பெரீம்மா, கட்டுனா போட்டு வுடறேன்" என்றான். பெரியப்பன் இலைக்கு எதிரில், அத்தனை ஜனத்துக்கு நடுவில்! காக்கைகூட அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை.

இவன் கம்பியில் வரும் படத்தை இனி என் கண் பார்க்காது என்று அப்போதே சொன்னேன். பார்க்கவில்லை. புகழேந்தி அடுத்த மாதமே பாக்கியைக் கட்டிவிட்டான், அவர்கள் பார்க்கிறார்கள். நான் கூடத்துக்கு முதுகைக் காட்டிப் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைத் திருப்பலாம், காதைத் திருப்ப முடியவில்லை. நாடகத்தில் எவள் அழுகிறாள், எவள் அழ வைக்கிறாள் எல்லாம் தெரியும், முகம்தான் தெரியாது. மணவாளனுக்கு முதல் சோறு ஊட்டியவள் நான். அவன் கல்யாணத்தில் சீர்த்தட்டு எடுக்க வேண்டியவளும் நான்தான். பக்கத்தில் பந்தல் போட்டு மேளம் அடித்தபோது இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள நடுக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கேழ்வரகு புடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னபோது நீயும், "நல்லா பண்ணீங்க அண்ணி" என்றாய்.

எழுத வந்த விஷயம் வேறு. புகழேந்தி கம்பெனியில் ஓவர்டைம் நின்றுவிட்டது. கேபிள், லேண்ட்லைன், ஆளுக்கொரு ரீசார்ஜ் என்று போகிற காசைப் பார்த்துவிட்டு, "லேண்ட்லைனையாவது எடுத்துடலாம்மா" என்கிறான். நீ கூப்பிடுகிற நம்பர் அது. எனக்குத் தெரிந்த ஒரே போனும் அதுதான். இளவரசி வேறு கணக்கு சொல்லுகிறாள். இன்டர்நெட் கம்பி ஒன்று இழுத்தால் போதுமாம். டிவியும் அதிலேயே, போனும் அதிலேயே, நம்பரும் மாறாதாம். கேபிளே வேண்டாமாம். அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். மணவாளன் கம்பி இந்த வீட்டை விட்டுப் போனால் நான் நாற்காலியைக் கூடத்துப் பக்கம் திருப்புவேன்.

உங்கள் ஊரில் அந்த நெட்டை நம்பலாமா? எழுது. போனில் சொல்லாதே. போனில் சொன்னதை நீ பிறகு, "நான் எப்ப சொன்னேன்" என்பாய். மாப்பிள்ளைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் அண்ணி,
தையலம்மாள்


பாரீசு
5.2.2025

அன்புள்ள அண்ணிக்கு மகாலட்சுமி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் இன்னும் மையூற்றி எழுதுகிற அழகை இவருக்குக் காட்டினேன். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்கப் போனவர், குளிரில் வழுக்கி மறுபடியும் அதே முழங்காலை இடித்துக்கொண்டார். சொன்னால் கேட்பதில்லை.

இங்கே எங்களுக்குப் பல வருஷமாக ஒரே பெட்டிதான் அண்ணி. டிவி, போன், நெட் எல்லாம் அதிலேயே. இவர் கூடத்தில் பிரெஞ்சு செய்தி பார்ப்பார், நான் உள்ளே நம் ஊர் நாடகம் பார்ப்பேன், சண்டை இல்லை. தைரியமாகப் போடுங்கள். பிறகு முகம் பார்த்தே பேசலாம். நான் போன் அட்டை வாங்கி நம்பர் நம்பராக அழுத்த வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மணவாளனும் இப்போது நெட் இணைப்பு கொடுக்கிறானாம். அவனிடமே வாங்கிக்கொண்டால் என்ன? நம் வீட்டுப் பிள்ளை. ஏதோ சின்ன வயசு, பேசிவிட்டான். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், யார் என்ன செய்தார்கள் என்று இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது?

கவரின் மேல் அண்ணன் பெயரையும் சேர்த்துத் தையலம்மாள் அரங்கநாதன் என்றே எழுதியிருக்கிறேன். நம் தெருவில் இரண்டு தையலம்மாள் என்று தபால்காரர் போன தடவை குழம்பினாராமே.

அன்பு நாத்தனார்,
மகாலட்சுமி


கரியமாணிக்கம்
9.3.2025, ஞாயிற்றுக்கிழமை

மகாலட்சுமிக்கு,

கம்பி வந்துவிட்டது. மணவாளனிடம் வாங்கவில்லை. பாகூர் டெலிபோன் ஆபீசில் எழுதிக் கொடுத்து வாங்கினோம். வேலைக்கு வந்தது விஜயராணி என்று ஒரு பெண், நெட்டப்பாக்கத்துக்காரி. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இழுத்த கம்பி தலைமுடி கனம்தான் இருந்தது. "இதுலயாடி படம் வரும்?" என்றேன். "கண்ணாடி ஆயா இது. மடிச்சீங்கன்னா அப்பறம் என்னை ஏசக் கூடாது" என்றாள்.

அவள் மாடியில் இருந்தபோதே புகழேந்தி தன் போனில் ஏதோ தட்டி, "பாஸ்வேர்டு அப்பா பேருதான்" என்று இளவரசியிடம் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்சுக்கு ஓடிவிட்டான். கம்பெனிக்குள்ளே போய்விட்டால் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. விஜயராணி இறங்கி வந்து டிவிக்குப் பின்னால் ஒரு குச்சியைச் செருகினாள். டிவி பாஸ்வேர்டு கேட்டது.

"அண்ணா இன்னா போட்டாரு?"

"மாமா பேரு" என்றாள் இளவரசி.

"மாமா பேரு இன்னா?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "அத்த, நீங்க சொல்லுங்க."

"நான் எப்பிடிடி சொல்லுவேன்? தாலி ஏறுன நாள்லேர்ந்து வாயில வராத பேரு. நீ சொல்லேன்."

"மாமனார் பேர நானா? நல்லா கீதே!"

"இன்னாம்மா விளையாடறீங்க," என்றாள் விஜயராணி. "எனக்கு இன்னும் ரெண்டு வூடு கீது."

நான் குறிப்பு கொடுத்தேன். "திருவரங்கத்துல படுத்துக்கினு கீறாரே, அவரு பேரு."

"ஆயா, நான் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போறவ. படுத்துக்கினு கீறவங்கள எனக்கு யாரத் தெரியும்?"

"பாம்பு மேல!" என்றாள் இளவரசி.

"பாம்பு மேலயா? ஐயய்யோ!"

இளவரசி ஓடிப்போய் ரேஷன் அட்டையைக் கொண்டுவந்தாள். அதைப் பார்த்து அடித்தால் தப்பு என்றது டிவி. அட்டையில் நம் ஊர் வழக்கப்படி பிரெஞ்சு எழுத்தாக, கடைசியில் 'நாதானே' என்று நீட்டியிருக்கிறதாம். "இது வேலைக்கு ஆவாது. அண்ணா இப்டி அடிச்சிருக்க மாட்டாரு. முன்னால அ போடணுமா, வெறும் ரங்கமா? நீங்க வூட்ல எப்டி சொல்லுவீங்களோ அப்டி வாயால சொல்லுங்க, நான் காதால கேட்டு அடிக்கறேன்" என்றாள்.

வீட்டில் எப்படிச் சொல்வோமாம். சொன்னால்தானே!

பக்கத்து மாடியில் சிரிப்புச் சத்தம். மணவாளன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "பெரீம்மா, நான் சொல்லட்டா?" என்றான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவன் வாயிலிருந்து வருகிற பேரால் என் வீட்டு டிவி திறந்தால், அதற்கு அவன் கம்பியே இருந்துவிட்டுப் போகலாமே? வாசலுக்கு வந்தேன். முந்தானையை இழுத்துச் செருகினேன். ஏரிக்கரையில் மாடு ஓட்டுகிறவனைக் கூப்பிடுகிற குரலில் உன் அண்ணன் பேரைச் சொன்னேன். அ போட்டு, முழுசாக. எதிர் வீட்டுக்காரி முறத்தோடு வெளியே வந்துவிட்டாள். "அடிச்சிட்டேன் ஆயா, போதும்" என்றாள் விஜயராணி. எனக்குப் போதவில்லை. வாய்க்கு அது நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சொன்னேனே தவிர எழுத மாட்டேன், கேட்காதே.

டிவி திறந்துகொண்டது! நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் காதால் கேட்ட நாடகத்து மாமியார்க்காரியின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருக்கிறாள். பழைய நம்பரிலேயே போன் அடிக்கிறது. முன்னே எல்லாவற்றுக்கும் கொடுத்ததில் பாதிகூட இப்போது ஆகாது என்று புகழேந்தி பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறான். தெருவில் மூன்று வீட்டார் விஜயராணி நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மணவாளன் வாசலில் வந்து நின்றான்.

"கேபிள சுருட்டிக்கட்டுமா பெரீம்மா?"

"சுருட்டு. அன்னிக்குப் புடுங்குனவன்தானே, இன்னிக்குச் சுருட்டு."

அவன் சுருட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டான். "நானா புடுங்குனேன்? பாரீசு அத்ததான் என்னைத் தனியா இட்டுக்கினு போயி, 'துக்க வூட்ல டிவி ஓடுது, சித்தி மருமவளுங்க வாய மூடிக்கினு சிரிக்கறாளுங்க, போயி புடுங்குடா, என் பேரு வரக் கூடாது'ன்னுச்சு. கீழ வந்தா எல்லாரும் என்னையே பாக்கறீங்க. இன்னா சொல்றதுன்னு தெரியாம, இருந்த பாக்கியச் சொல்லி உளறிட்டேன்."

"ஏன்டா இத்தினி நாளா சொல்லல?"

"அத்த சத்தியம் வாங்கிக்கிச்சு. அப்பறம் என் கல்யாணத்துக்கே நீங்க வரல. எனக்கு மட்டும் கோவம் இருக்காதா?"

போன கடிதத்தில் நீ திடீரென்று அவனுக்காகப் பரிந்து பேசியதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். உண்மையா, இல்லையா? எழுது.

தையலம்மாள்


பாரீசு
30.3.2025

அண்ணிக்கு,

டிவி வந்ததில் சந்தோஷம். நீங்கள் அண்ணன் பெயரைச் சொன்ன கதையை இவரிடம் படித்துக் காட்டினேன். முழங்கால் வலியை மறந்து சிரித்தார்.

மணவாளன் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள். சரி, சொன்னேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பகல் செய்தி இல்லாமல் அண்ணன் சாப்பிடாது என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் அதற்காக ரேடியோவைத் திருகி வைத்தவளே நான்தான். ஆனால் திருக்கனூர் ஜனத்துக்கு அது தெரியுமா? புருஷன் காரியத்தன்று இவள் டிவி பார்க்கிறாள் என்று ஊர் ஊராகச் சொல்லியிருப்பார்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன். அந்த அசடு பாக்கி என்று உளறும் என்று யார் கண்டது?

ஒரு கம்பிக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசுவோம்.

மகாலட்சுமி


கரியமாணிக்கம்
20.4.2025, ஞாயிற்றுக்கிழமை

மகாலட்சுமிக்கு,

நேற்று நடுக்கதவின் தாழைத் திறந்தேன். துருப்பிடித்துப் போயிருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு இளவரசிதான் அடித்துத் திறந்தாள். தட்டில் புடவை, வேட்டி, பழம், பூ எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு மணவாளன் வீட்டுக்குப் போனேன். கல்யாணம் ஆகி எத்தனையோ நாளுக்குப் பிறகு சீர் வருகிறது என்று அவன் பெண்டாட்டி திகைத்துப்போய்விட்டாள். "இன்னாத்துக்கு அத்த இப்போ?" என்றாள். "அப்போ நான் வரல இல்ல, அதுக்கு" என்றேன். அவன் அந்தப் புது வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டு வந்து காலில் விழுந்தான். தூக்கி நிறுத்தித் தலையில் ஒரு குட்டு குட்டினேன். உளறியதற்கு அது போதும்.

அவனும் கேபிளை ஏறக்கட்டிவிட்டான். தெருவே பாகூர் ஆபீஸ் நெட்டுக்கு மாறினால் அவன் கம்பியை வைத்துக்கொண்டு துணியா காயப்போடுவான்? பாகூர் ஆபீசிலேயே லைன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "அண்ணா, கம்பிய மடிக்காதீங்க" என்று விஜயராணி அவனை அதட்டுகிறாள். வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு நாடகத்தைவிட இது நன்றாக இருக்கிறது. பகலில் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

இனி நீயும் நானும் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இளவரசி போனில் வருகிற முகத்தை டிவியிலேயே போட்டுவிடுகிறாள். கூடம் கொள்ளாமல் தெரிவாய். எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். மாப்பிள்ளை முழங்காலுக்கு நொச்சியை வதக்கிக் கட்டச் சொல்லுவேன், அங்கே நொச்சி கிடைக்காவிட்டால் காயவைத்து அனுப்புகிறேன். நீ ஊருக்கு வந்தால் உனக்குப் பிடித்த வஞ்சிரம் மீன் குழம்பு உண்டு.

இப்படிக்கு,
தையலம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகு இதையும் எழுதுகிறேன். மானத்தைக் காப்பாற்றினேன் என்கிறாய். ஆறு வருஷம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்தப் பிள்ளையைத் திட்டினேன், நீ அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமா அண்ணி, அவன் அப்பிடித்தான்" என்றாய். அவனுக்கு நான் எடுக்காத சீர்த்தட்டு உன் கணக்கு. சிரித்த மருமகள்களுக்கு உன் அண்ணனைப் பற்றி ஒன்றும் தெரியாது. கம்பியைப் பிடுங்கினவனும் விவரம் தெரியாமல் பிடுங்கினான். அவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். செய்தி இல்லாவிட்டால் அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தே, இலை போட்ட நேரத்தில் பிடுங்கச் சொன்னவள் ஒருத்தி. அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். புருஷன் பேரையே தெருவில் நின்று சொல்லிவிட்டவளுக்கு இந்தப் பேரை எழுத என்ன தடை?

மகாலட்சுமி.