பழுகாமத்துக் கை

என் ஆசை மச்சான் தருமாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு ஒரு வரியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வந்தது. இப்போது கோபப்படவும் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

முதலில் என் சங்கதி. நான் இப்போது பறப்பதில்லை. உன் விமானம் மெட்ராஸ் பனிமூட்டத்துக்குள் இறங்கப் போய் விழுந்த அந்த மார்கழிக்குப் பிறகு, விமானப் படியில் கால் வைக்க மனம் ஒப்பவில்லை. கொழும்பில் விமானிகளைப் பழக்குகிற இடத்தில் உட்கார்ந்த வேலை பார்க்கிறேன். தரையில் பூட்டிய ஒரு பெட்டி. விமானத்தில் உள்ள அத்தனை முள்ளும் பிடியும் அதற்குள் உண்டு. மூடியைச் சாத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது. நான் பக்கத்து மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விமான நிலையக் கோபுரத்திலிருந்து பேசுகிறவனைப் போலப் பேசுவேன். உள்ளே இருப்பவன் முள்ளை மட்டும் நம்பி இறங்க வேண்டும். அவன் போகிற வழியை, நாங்கள் நண்டு என்று கூப்பிடுகிற ஒரு சின்னச் சக்கரக் கருவி என் மேசையிலுள்ள வரைபடத்தில் மையால் கீறிக்கொண்டு போகும். அந்த நண்டைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துவிட்டது மச்சான். தினமும் அதே மெட்ராஸ், அதே மூட்டம், அதே என் குரல்.

இனி உன் வீட்டுச் சங்கதி. உன் தம்பி யோகன் அந்தப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். நீ இருந்திருந்தால் காதைத் திருகி வீட்டுக்கு அனுப்பியிருப்பாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விண்ணப்பித்து, பறக்கப் பழகி, கடைசிப் பயிற்சிக்கு என் மேசைக்கே வந்து சேர்ந்தான். "இராசண்ண, என்னய விசேஷமா ஒண்டும் பாக்க வேணாம்" என்றான். முகத்தையும் அப்படியே உன்னைப் போல வைத்துக்கொண்டு சொன்னால் நான் என்ன செய்வேன்?

நல்ல கைகாரன்தான். ஆனால், "உனக்கு முன்னால் இரண்டு விமானம் இறங்க வேண்டும், காத்திரு" என்று நான் சொன்னால் போதும், அவன் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் செத்தால் விமானம் விழும். பெட்டியும் குலுங்கிச் சாயும். பிறகு மூடியைத் திறந்து, வியர்த்த முகத்தோடு என்னைப் பார்ப்பான். வேறு ஊர்ப் பிள்ளைகள் யாரும் இந்தப் பிழையைச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரியாதா அது எங்கிருந்து வந்ததென்று? நம் ஊர் பழுகாமத்திலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகத் தோணியில் வாவி கடக்கும்போது மூட்டம் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? கோலைச் சேற்றில் ஊன்றித் தோணியை நிறுத்திவிட்டு, ஆளுக்காள் கூவிக்கொண்டு, வெளிக்கும்வரை நிற்போம். முன்னால் போகிற தோணி தெரியாவிட்டால் நகரக்கூடாது, அதுதான் நம் முறை. வானத்தில் கோல் ஊன்ற ஏது இடம்? அங்கே காத்திருப்பதென்றால் வேகம் குறையாமல் வட்டமடித்துக்கொண்டே இருப்பது. தொடக்கத்தில் என் கையும் நிற்கத்தான் பார்த்தது.

உன் கை? அன்றைக்கு உனக்கு முன்னால் எத்தனை விமானம் இருந்தது? காத்திருக்கச் சொன்னார்களா? நீயும் வேகத்தைக் குறைத்துவிட்டாயா மச்சான்? விசாரித்தவர்கள் காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மாமி வந்தார். தோணி, பஸ், ரயில் என்று மாறி மாறி, கையில் ஒரு முட்டி தயிரோடு. யோகன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தார், உன் அம்மா.

"மனே, அவன் எப்படித்தான் ஓட்டினாலும் நீ சரியெண்டு போட்டுராத. ஒருத்தனக் குடுத்திட்டன். ஏலா எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அவன் வந்து வட்டையில வயலப் பாக்கட்டும்."

"அவன் ஏலாதவன் இல்ல மாமி."

"ஏலும் எண்டுதானே மூத்தவனயும் ஏத்தினாங்க."



அதற்குப் பிறகு யோகனைப் பிழிந்தெடுத்தேன். "உன்ட கை இன்னும் கோலத் தேடுது" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அவன் கோபிக்கவில்லை, வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சோதனையில் எனக்குத் தெரிந்த மிக மோசமான மூட்டத்தைக் கொடுத்தேன். காத்திரு, காத்திரு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஹெட்போனில் அவன் தனக்குத்தானே முணுமுணுத்தது கேட்டது: "நிக்காத, ஓடு. நிக்காத, ஓடு." நண்டு ஒன்றன்மேல் ஒன்றாக வட்டம் போட்டது, முறுக்குப் பிழிந்த மாதிரி. பிறகு நேராக ஓடுபாதையின் தலைமாட்டில் போய் நின்றது.

சரியென்று கையெழுத்துப் போட்டேன் தருமா. பொய் சொல்லி நிறுத்தினால் வேறெங்காவது போய்ப் பறப்பான். அங்கே இந்தக் கையின் குணம் யாருக்குத் தெரியும்? ஆனால் அதைக் கடிதத்தில் எழுதி மாமிக்கு அனுப்ப மனம் வரவில்லை. நானே பழுகாமம் போய்ச் சொன்னேன்.

மாமி அழவில்லை. நெல்லைக் காயப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நல்லாப் பழகிட்டானா?"

"ஓம் மாமி."

"உனக்கு நம்பிக்கையா?"

"ஓம்."

"அப்ப நீ ஏன்டா ஏறுறதில்ல?"

இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாமி நிமிர்ந்து பார்த்தார். "அவனோட நீயும் ஒருக்கா ஏறு மனே. அதுக்கு மறுகா நான் நித்திர கொள்ளுவன்."

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், உனக்கு ஒளிப்பதற்கென்ன. களைத்தும் போனேன். ஆனாலும் வருகிற மார்கழியில், யோகன் மெட்ராஸுக்குப் போகும் முதல் விடியற்காலைப் பயணத்தில், விமானிகளுக்குப் பின்னால் உள்ள மடக்கு இருக்கையில் நான் இருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. தரையைத் தொட்டதும் முதல் வேலையாக மாமிக்குத் தந்தி அடிப்பேன், இரண்டு பேரும் இறங்கிவிட்டோம் என்று.

உன் மச்சான்,
உன் தம்பிக்கு இனி அண்ணன்,
இராசு