திறந்த கேள்வியை நான் மூடமாட்டேன்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கூடவே நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்பதையும் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது, வெட்டினாலும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து படிக்கத்தான் செய்வாய், உன்னை எனக்குத் தெரியாதா. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. வலது பக்கம் மெல்லக் கூடாது என்று பல் டாக்டர் சொன்னாலும் சொன்னார், எதை வைத்தாலும் இது இடது பக்கத்துக்கு ஒத்து வராது என்று தட்டைத் தள்ளுகிறார். உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான், மேலதிகாரி நல்ல மனிதராம், இன்னும் திட்டவில்லையாம். பிளம்பர் வந்து குளியலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான், இனி சண்டைக்கு வருகிறேன்.

நீ போனில் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். நான் திறந்துவிட்ட அந்த நர்ஸின் கேள்வியை நானே மறுபடி மூட வேண்டும். மூத்த மாடரேட்டரான உன்னைக் கலக்காமல் திறந்தது என் தப்பு என்று குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். அப்படிச் செய்தால் என் பதவியைப் பறிக்கச் சனிக்கிழமை நடக்கப்போகும் ஓட்டெடுப்பை நம் சக மாடரேட்டர் தாடிக்காரர் கைவிட்டுவிடுவார், விஷயம் ஆறிய பிறகு நர்ஸ் மேல் இருக்கும் தடையை நீ சத்தமில்லாமல் எடுத்துவிடுவாய். இவ்வளவுதானே. முடியாது சிட்டு. மூடமாட்டேன், மன்னிப்பும் எழுதமாட்டேன், நானாகப் பதவியை விட்டும் போகமாட்டேன். புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கைகொடுக்க என்று நீயும் உன் சிநேகிதர்களும் இணையத்தில் ஆரம்பித்த குழு அது, முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டிலோடு கிடந்த என்னை அதற்குள் இழுத்துவிட்டவள் நீ. நாம் அம்மாவும் பெண்ணும் என்று யாருக்கும் தெரிய வேண்டாம், வேண்டியவர்களுக்குச் சலுகை என்று பேச்சு வரும் என்றாய், நானும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேள்விகளை மூடித் திறக்கிற மாடரேட்டராக நான் ஆனது உன் தயவில் இல்லை. லாரிக் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சம்பளக் கணக்குக்குப் புரோகிராம் எழுதியவள் நான், குழுவில் ஓட்டுப் போட்டுத்தான் என்னை உட்காரவைத்தார்கள். அதே ஓட்டுப் போட்டு இறக்கட்டும்.

நீ போனில் கதையைச் சொன்ன விதத்தில் பாதியைக் காணோம், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அந்தப் பெண் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று பெயர்களைக் குலுக்கிப் போட்டால் ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். ஓடவில்லை. கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்து, அதில் அவள் கட்டைவிரலும் விழுந்திருந்தது, இது ஏன் ஓடவில்லை என்று கேட்டுப் போட்டாள். படம் போடக் கூடாது என்பது நம் விதி, நீ படத்தை அழித்துவிட்டு, புரோகிராமை எழுத்தாகப் போடு என்றாய். சொன்ன சொல் தவறாமல் புரோகிராமை மட்டும் எழுத்தாகப் போட்டாள். நீ அதை எடுத்து உன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாய், ஜோராக ஓடியது. எனக்கு ஓடுது, தப்பு உங்க கிட்டதான் என்று எழுதி மூடிவிட்டாய். எனக்கு ஓடலையே என்று மறுபடி கேட்டாள், ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று அதையும் மூடினாய். மூன்றாம் தடவை அவள் எழுதியதை நீ முழுதாகப் படித்தாயா என்று எனக்குச் சந்தேகம். நான் படித்தேன். மன்னிச்சிருங்க, எனக்கு மூளை கம்மிதான், ஆனா நெசமாவே ஓடலைங்க, பொய் சொல்லல என்று எழுதியிருந்தாள். அதற்குத்தான் திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்பவர் என்று தடை போட்டாய். ஒரு வார்டையே கட்டி மேய்க்கிறவளை, நம் இடத்துக்கு வந்த கொஞ்ச நாளில் தனக்கு மூளை கம்மி என்று தானே எழுதவைத்துவிட்டோம்.

அழித்த படங்கள் மாடரேட்டர்களான நம் கண்ணுக்கு மட்டும் தெரியும் அல்லவா, நான் போய் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். அவ்வளவும் அதில் இருந்தது. கீழே, குலுக்கும் கருவி இல்லை என்று சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. மேலே மூலையில் ஃபைலின் பெயர். புரோகிராமின் முதல் வரியில் ரேண்டம் என்ற ரெடிமேட் கருவிப்பெட்டியைக் கொண்டுவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறாள், குலுக்குவதற்கு. தன் ஃபைலுக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்திருக்கிறாள். குலுக்கல் புரோகிராமுக்கு வேறென்ன பெயர் வைப்பாள், பாவம். அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் பார்க்கும், அவள் ஃபைலையே கருவிப்பெட்டி என்று நினைத்து எடுத்துக்கொண்டு உள்ளே ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டது. புரோகிராமில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் உனக்கு ஓடியது, எனக்கு ஓடியது, ஊரில் எல்லோருக்கும் ஓடும், அவளுக்கு மட்டும் ஓடாது. நம் விதிப்படி நீ அழித்த படத்தில்தான் பதில் இருந்தது. ஃபைல் பெயரை மாத்துங்க, ஓடும் என்று ஒரே வரி போதும். நீ மூடியதைத் திறந்து அந்த வரியை நான் எழுதிவிட்டேன். தடை இருப்பதால் அவளால் படிக்க முடியும், பதில் போட முடியாது. ஓடியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கேள்விக்கு மேலே, நடத்தை சரியில்லாததால் நிறுத்தப்பட்டவர் என்று இன்னும் பட்டை போட்டு வைத்திருக்கிறோம். நடத்தை சரியில்லாமல் போனது யாருடையது என்று நீயே சொல்.

எல்லார் முன்னாடியும் என்னைக் கவுத்துட்டியேம்மா என்று கேட்டாய். முதலில் உனக்குத் தனியாகத்தான் எழுதினேன், மறந்துவிடாதே. சின்ன விஷயம்மா, விடு என்று பதில் போட்டாய். சரி என்று நானும் விட்டிருந்தால் இன்று வீட்டில் நிம்மதியாகக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லோர் முன்னாலும் மூடியதை எல்லோர் முன்னாலும்தான் திறக்க வேண்டும், அவளைத் திட்டியது வாசலில், சமாதானம் சொல்வது மட்டும் கொல்லைப்புறத்திலா. ஒனக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி வரும், எனக்கு வண்டி வண்டியா வருதும்மா என்றாய், அது உண்மை, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு ஒரு பைசா சம்பளமில்லாமல் நீ அதில் உட்கார்ந்திருப்பதும், பாதிப் பேர் வீட்டுப்பாடத்தை அப்படியே ஒட்டிவிட்டு விடை எங்கே என்று அதட்டுவதும், போன மாதம் ஒருவன் உன்னைக் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டதும் எனக்குத் தெரியும். அவனுக்குக் கதவைச் சாத்தியவள் நான்தான், அதுவும் நிரந்தரமாக. நான் ஒன்றும் வருகிறவர்களை எல்லாம் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. படம் போடக் கூடாது என்ற விதியும் நல்ல விதிதான், கண் தெரியாதவர்கள் படத்தை எப்படிப் படிப்பார்கள், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு எப்படிக் கிடைக்கும். அழி, வேண்டாம் என்று சொல்லவில்லை. அழிக்கும் முன் ஒரு தடவை பார். எனக்கு ஓடுகிறது என்று மூடும் முன், உங்கள் திரையில் என்ன செய்தி வந்தது, ஃபைல் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேள். நேரமில்லை என்றால் மூடாதே, வேறொருவர் பார்க்கட்டும் என்று விட்டுவிடு. நேரமில்லாதது நமக்கு, தண்டனை அவளுக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மற்றவர் சொல்லி நீ கேள்விப்படுவதைவிட நானே சொல்கிறேன். எனக்கு ஆதரவாகப் பேச வந்த ஒரு ஆள், அந்தம்மா மனுஷியே இல்ல, மூடறதுக்குன்னே செஞ்ச மெஷின் என்று உன்னைப் பற்றி எழுதினார். அடுத்த நிமிஷம் அதை அழித்து, ஆளைப் பற்றிப் பேசாதீர்கள், செயலைப் பற்றிப் பேசுங்கள் என்று எச்சரிக்கை கொடுத்தேன். உங்க பக்கம்தானே பேசினேன் என்று குழம்பிப் போனார். பெற்றவள் நான் திட்டலாம், அவர் யார். தாடிக்காரர் வேறு, இவங்களை விட்டா நாளைக்கு ஆளாளுக்கு மூடினதைத் திறப்பாங்க, ஒழுங்கு கெட்டுடும் என்று நீளமாக எழுதியிருக்கிறார். அந்த நீளத்தில் ஒரு இடத்திலாவது நர்ஸ் கேட்டது சரியா தப்பா என்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. உன் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெத்த பொண்ணோட கம்ப்யூட்டர்ல சண்டை போடற ஒரே பொம்பளை நீதான், பேசாம விட்டுக் கொடுத்துடேன் என்றார். எதை விட்டுக்கொடுப்பது. என் பதவி என்றால் கேட்காமலே கொடுத்துவிடுவேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பது என்னுடையது இல்லையே, நான் எப்படி எடுத்துக் கொடுப்பது. உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. அவசரத்தில் தப்பாக மூடியதற்காக இல்லை, அது யாருக்கும் வரும். தப்பு என்று தெரிந்த பிறகும் உன் பெயர் கெடக் கூடாது என்று அவளைக் காத்திருக்கச் சொல்கிறாயே, அதற்கு. உன்னைவிடப் பெரிய ஆட்களோடெல்லாம் ஆபீசில் மோதியவள் நான், அப்போதுகூட இப்படித் தூக்கம் கெட்டதில்லை.

சனிக்கிழமை ஓட்டெடுப்பில் நான் பேசுவேன். அழித்த படத்தை எல்லா மாடரேட்டர்களுக்கும் காட்டி, தடையை உடனே எடுக்க வேண்டும், பட்டையைக் கழற்ற வேண்டும், நாம் மூடியது தவறு என்று அவள் கேள்விக்குக் கீழேயே எழுத வேண்டும் என்று கேட்பேன். நீ என் பெண் என்பதை அங்கே சொல்லமாட்டேன், அந்த வாக்கை மீறமாட்டேன், அதனால் நீ தாராளமாக எனக்கு எதிராகக் கை தூக்கலாம். தோற்றுப்போனால் இவள் அடங்கிவிடுவாள் என்று மட்டும் தாடிக்காரரும் நீயும் நினைக்க வேண்டாம். பதவி போனால் சாதாரண உறுப்பினராக அந்தக் கேள்விக்குக் கீழே தினமும் வந்து, இவருக்கு எப்போது பேச அனுமதி என்று கேட்பேன். தொந்தரவு செய்கிறேன் என்று என்னையும் தடை செய்தால் செய்யுங்கள். அப்போது அவளுக்குப் போட்ட அதே பட்டையை எனக்கும் போட வேண்டியிருக்கும், அந்தப் பொத்தானை அமுக்க வேண்டிய மூத்த மாடரேட்டர் நீதான்.

நீ நல்லபடியாக, நோய்நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வாதம் சொல்கிறோம். இருமலுக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்றாயே, பார்த்தாயா, மருந்துக் கடையில் எதையாவது வாங்கிக் குடித்துவிட்டு இருந்துவிடாதே. திரைக்கு முன்னால் நின்றுகொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்து சாப்பிடு. சனிக்கிழமையும் நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அவள் எழுதிய மூன்றாவது கேள்வியை மட்டும் ஒரே ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு வா. அதற்குப் பிறகும் கை தூக்க முடிந்தால் தூக்கு.

மாறாத அன்புடனும், குறையாத கோபத்துடனும்,
உன் அம்மா