முதலில் வெளியே போகும் வழி

செப்டெம்பர் 15, திங்கள்

கச்சான் காற்று. கணினி நிலையத்து மாடி யன்னல் பூட்ட முடியவில்லை, கொளுக்கி துருப்பிடித்துவிட்டது. துறைமுகத் தூசு முழுவதும் கீபோர்ட்டுகளில். காலை முழுக்கத் துடைப்பு.

புதிய வகுப்பு தொடக்கம். ஹோட்டல் வேலைக்கான ஆங்கிலம். பாடம் நடத்துவது நானல்ல, கண்டியிலிருக்கும் மிஸ். மெய்நிகர் உலகத்துக்குள் அவர் ஒரு ஹோட்டல் வைத்திருக்கிறார்: வரவேற்பு மேசை, அறைகள், சாப்பாட்டு மண்டபம். படிக்கிறவர்கள் திரைக்குள் ஆளுக்கொரு உருவம் எடுத்து அங்கே போய், விருந்தாளியாகவும் வேலையாளாகவும் பேசிப் பழக வேண்டும். கணினியைத் தொட்டே அறியாதவர்களை அந்த வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒரு வாரம். பிறகு நான் தேவையில்லை.

மெய்நிகர் உலகம் என்று ஒவ்வொரு தடவையும் எழுத அலுப்பு. இனி மெ.உ.

வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் பெயர் கொடுத்ததோடு சரி.

கிருபை அண்ணை, நிலாவெளி. கரைவலைக்காரர், இப்போது ஹோட்டல் வாசலில் காவல். வெள்ளைக்காரர் வழி கேட்டால் கை காட்டத்தான் தெரியுமாம்.
சுலோஜனா, அவரும் நிலாவெளி. இன்னொரு ஹோட்டலில் அறை துப்புரவு. மேற்பார்வை வேலைக்குப் போக ஆசை.
பரீதா, கிண்ணியா. கணவர் மௌத்தாகி இரண்டு வருடம். பிள்ளைகளோடு நானா, அதாவது மூத்த அண்ணன், வீட்டில் இருக்கிறார். நகரத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு வேலை இருக்கிறதாம், ஆங்கிலம் பேசினால் எடுப்பார்களாம். அது கிடைத்தால் தனி வீடு.

இன்று மவுஸ் பிடிக்க மட்டும். கிருபை அண்ணை அதைத் தூக்கித் திரையில் வைத்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. போன வகுப்பில் ஒருவர் காலால் மிதித்தார்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

வெயில். கடைவாய்ப் பல் வலி, இடது பக்கம்.

உருவம் தெரிவு. நான் உருவம் என்றேன், அவர்கள் பொம்மை என்றார்கள். பொம்மையே நல்லது.

பரீதா முதலில் கணினியின் கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு பொம்மையின் அலுமாரியைத் திறந்து நீண்டநேரம் தேடினார். குட்டைச் சட்டை, நீச்சல் உடுப்பு, சிறகு, வால், எல்லாம் இருக்கிறது. முக்காடு இல்லை.

"தலைய மூடாம நான் எப்பிடி சேர் வெளிய போற?"

"பொம்மைதானே தங்கச்சி," என்றார் கிருபை அண்ணை.

"பொம்மைதான். ஆனா எண்ட பேரப் போட்டுத்தானே அனுப்பறீங்க."

கடைசியில் பனிநாட்டுக் குளிரங்கி ஒன்று கிடைத்தது, தலையை மூடும் தொப்பியோடு. முழங்காலுக்குக் கீழே வரும். பரீதாவுக்குத் திருப்தி. இந்த வெயிலில் அதைப் பார்க்க எனக்குத்தான் வியர்த்தது.

சுலோஜனா எடுத்தது உயரமான ஆண். தாடி, கறுப்புக் கோட்.

"என்ன பிள்ளை, உனக்கு ஆம்பிளை வேஷம்?"

"சும்மா அண்ணை."

பெயரும் பொம்மையும் பொருந்த வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. விட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்து வந்தால் சைக்கிளுக்குப் பக்கத்தில், இந்த நகரத்து வீதிகளில் திரியும் மான் ஒன்று என் சாப்பாட்டுப் பையை மோந்துகொண்டு நிற்கிறது. துரத்தினேன். போகவில்லை.

செப்டெம்பர் 17, புதன்

நடை பழகும் நாள். அம்புக்குறி நான்கு. முன்னே போகத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. மூன்று பொம்மைகளும் ஒரு சுவரில் முட்டி, முட்டிக்கொண்டே நடந்தன. சுலோஜனா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

மெ.உ. கடற்கரையில் கிருபை அண்ணையின் பொம்மை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அடியில் போய் நின்றது. சாகவில்லை.

"இதென்ன கடல் தம்பி, அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை."

வகுப்பு முடிந்தும் சுலோஜனா பிந்தித்தான் போனார். தாடிக்காரரை மெ.உ. வீதி நீளத்துக்குத் தனியே நடத்திக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு இடமும் இல்லை சேர். சும்மா நடக்கிறன்." தாடிக்காரரைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "ஹோட்டல்ல அறைக்குள்ள வேலை செய்யேக்க ட்ரொலிய வாசலுக்குக் குறுக்கால விட்டு, கதவைத் திறந்து வச்சிட்டுத்தான் செய்வன். ஆள் வந்தா ஓடுறதுக்கு. இதில அந்த யோசினை இல்லை."

நாளைக்கு நேரத்துக்கு வாருங்கள் என்றேன்.

பல் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அடுத்த வாரமாம்.

செப்டெம்பர் 18, வியாழன்

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

மிஸ்ஸின் ஹோட்டல் திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது. ஆகவே, பாடத்திட்டத்தில் மாற்றிடமாகப் போட்டிருக்கும் மெ.உ.வின் பொது முற்றத்துக்கு மூவரையும் கூட்டிப் போனேன். அங்கே உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒருவருக்கு ஹலோ சொல்லிவிட்டு வர வேண்டும், அதுதான் பயிற்சி.

கிருபை அண்ணை வந்த உடனேயே நீரூற்றுக்குள் விழுந்தார். அவரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பரீதாவின் பொம்மைக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றிருக்கிறான். மேலுடம்பு வெறும், முதுகில் சிறகு. வேறு ஏதோ மொழி, பிறகு ஆங்கிலம். எழுதக்கூடாத கேள்விகள். ஹெட்போனில் பரீதாவின் காதுக்குள் நேராகப் பேசியிருக்கிறான். அவர் நகர்ந்த பக்கமெல்லாம் அவனும் நகர்ந்தான். கடைசியில் அவன் முகம் திரை முழுவதையும் அடைத்தது.

பரீதா கத்தவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பார்த்தது சுலோஜனா. நேற்றுவரை சுவரில் முட்டியவர். தாடிக்காரர் முற்றத்துக்குக் குறுக்கே நேராக வந்து, இரண்டு பேருக்கும் இடையில் புகுந்து நின்றார். சுலோஜனா மைக்கை அழுத்தினார்.

"டேய்! தள்ளிப் போடா அங்கால!"

எங்கள் கணினி மண்டபம் அதிர்ந்தது. தாடிக்குள்ளிருந்து பெண் குரல். சிறகுக்காரன் சிரித்தான். சுற்றிக்கொண்டு மறுபக்கத்தால் வரப் பார்த்தான். தாடிக்காரரும் அந்தப் பக்கம் திரும்பினார். அதற்குள் நான் போய்ச் சேர்ந்து, பரீதாவின் மவுஸைப் பிடித்து, அவனை ப்ளொக் பண்ணினேன். ஆள் மறைந்தான். இரண்டு தட்டு, அவ்வளவுதான். அந்த இரண்டு தட்டு என் பாடத்திட்டத்தில் கடைசி நாளுக்கு இருந்தது. நடத்தல், உட்கார்தல், உடுப்பு மாற்றல், கைதட்டல், நடனம் எல்லாம் அதற்கு முன்னால்.

"படம்தான். எனக்குத் தெரியும் சேர்," என்றார் பரீதா. "ஆனா காதுக்குள்ள இன்னும் கேக்குது."

கிருபை அண்ணை உண்மையான கவலையோடுதான் கேட்டார். "உடன கொம்பியூட்டரை நிப்பாட்டியிருக்கலாமே தங்கச்சி?"

"றோட்டுல ஒருத்தன் பின்னால வந்தா, றோட்டையா அண்ணன் நிப்பாட்டற?"

சுலோஜனா தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பரீதா குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானா மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடித்ததும் இறங்கிப் போய்விட்டார். பிளாஸ்டர் கமராவில் அப்படியே இருக்கிறது.

செப்டெம்பர் 19, வெள்ளி

பரீதா வரவில்லை. போன் எடுத்தேன், பதில் இல்லை.

கொழும்பிலிருந்து வகுப்புகளின் இணைப்பாளர் அழைத்தார். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. "சின்னத் தொழில்நுட்பத் தடங்கல் எண்டு அறிக்கையில போட்டிட்டாக் காணும். பெரிசாக்கினா அடுத்த வகுப்புக்கு ஆள் சேராது." யோசிக்கிறேன் என்றேன்.

தடங்கல் ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது.

மத்தியானம் மாலு பாண் ஒன்று, உள்ளே மீன் வைத்தது. வலது பக்கத்தால் மட்டும் சப்பினேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

கடலில் மூட்டம். கிண்ணியாப் பக்கம் தெரியவில்லை.

பரீதாவின் நானா தனியே வந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், அகலமான ஆள். சண்டைக்கு வருகிறார் என்று கிருபை அண்ணை எழுந்து என் பக்கத்தில் நின்றார். அவரோ கதிரையை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா. ஒண்டும் மறைக்கல்ல. யாரு சேர் அவன்?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாது."

"ஊரும் தெரியா, பேரும் தெரியா. ஆனா ஆள் உள்ளுக்கு வந்து பேசிட்டுப் போயிருக்கான்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஹெட்போனைப் போட்டார். பொது முற்றத்தில் கொஞ்சம் நடந்தார், எல்லாரையும் போலச் சுவரில் முட்டினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுல வாசல் எங்க?"

காட்டினேன். மேல் மூலையில் சின்னதாக, சாம்பல் நிறத்தில். நான் சொல்லியிராவிட்டால் கண்டிருக்க மாட்டார்.

"அவ வரமாட்டன் எண்டு சொல்லல்ல," என்றார் போகும்போது. "வெட்கமா இருக்காம், கைய மடியில வச்சிட்டு இருந்தத்துக்கு. நான் சொன்னன், அது உண்ட பிழை இல்ல எண்டு. நீங்களும் ஒருக்காச் சொல்லுங்க."

அவர் முன்னாலேயே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். இந்தமுறை பரீதா எடுத்தார். உங்கள் பிழை இல்லை, நான் முதலில் சொல்லித் தந்திருக்க வேண்டிய விஷயம் என்றேன். "நாளைக்கி எத்தின மணிக்கி சேர்?"

இணைப்பாளருக்கு நடந்தது நடந்தபடி எழுதி அனுப்பினேன். பொது முற்றத்துக்கு இனி ஒரு புதியவரையும் கூட்டிப் போகமாட்டேன் என்றும் சேர்த்தேன்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

காலையில் மின்வெட்டு. பத்தரைக்குத்தான் தொடங்க முடிந்தது.

பரீதா வந்தார். உட்காருவதற்கு முன்னமே சொன்னார்:

"சேர், நீங்க அவனா வாங்க. நான் தடுக்கறன்."

அந்தச் சிறகுக்காரனாக நான் நடிக்க வேண்டும். என் பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் மூடிய அறை, வேறு யாரும் வர முடியாது. குளிரங்கிப் பொம்மை நடுவில் நின்றது. நான் கிட்டப் போக வேண்டும்.

சொன்னால் வேடிக்கை. பதினெட்டு வயதிலிருந்து கணினியோடு இருப்பவன், எனக்குப் போக முடியவில்லை. இரண்டு அடியில் நின்றுவிட்டேன்.

"இன்னும் கிட்ட வாங்க. அவன் அங்கயா நிண்டான்?"

போனேன். அவர் விரல் தடுமாறியது. மவுஸ் நழுவியது. கை மறுபடி மடிக்குப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது. தட்டு. தட்டு. நான் மறைந்தேன். என் திரையில் அவர் முன்னால் நிற்கிறார், அவருடைய திரையில் நான் இல்லை. பேசினேன். கேட்கவில்லை.

"திரும்ப வாங்க."

தடையை எடுத்தார், போனேன், மறைந்தேன். திரும்ப. திரும்ப. மத்தியானம் வரைக்கும் அதுதான் பாடம். பின்னாலிருந்து, பக்கவாட்டில், பேசிக்கொண்டே, பேசாமல். கடைசியில் என் பொம்மை ஓரடி எடுத்து வைக்க முன்னமே காணாமல் போனது. பரீதா திரையை அரைக்கண்ணால்தான் பார்த்தார், சுலோஜனாவோடு கதைத்துக்கொண்டே தட்டினார்.

பிறகு சுலோஜனாவும் கேட்டு வாங்கிப் பழகினார். கிருபை அண்ணையும். பின்னேரம் பாடத்துக்கு எங்கள் அறைக்குள் வந்த மிஸ்ஸை அவர் தவறுதலாக ப்ளொக் பண்ணிவிட்டு, மிஸ் ஏன் கதைக்கிறார் இல்லை என்று ஒரு மணித்தியாலம் குழம்பினார்.

இரவு சாப்பாடு சோறு, பருப்பு. மறைந்து போவது எப்படியிருக்கிறது என்று இப்போதுதான் தெரியும். அவ்வளவு மோசமில்லை.

செப்டெம்பர் 25, வியாழன்

பல் பிடுங்கியாயிற்று. கதைக்க ஏலாது. வகுப்பு நானின்றி ஓடியது.

இணைப்பாளரின் பதில் ஒரே வரி: கிடைத்தது. பொது முற்றம் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. யார் எடுத்தது என்று போடவில்லை.

செப்டெம்பர் 29, திங்கள்

பேச்சுத் தேர்வு. மிஸ்ஸின் ஹோட்டல் திறந்துவிட்டது. நான் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கிருபை அண்ணை: கோட்டைக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னார். கையும் காட்டினார், திரைக்கு வெளியே. தேறினார்.

சுலோஜனா தாடியோடுதான் போனார். மிஸ் ஒரு கணம் நின்று, "குட் மோர்னிங், மிஸ்டர் சுலோஜனா," என்றார். பதில் பிசகாமல் வந்தது. தேறினார்.

பரீதா வரவேற்பு மேசைக்குப் பின்னால், குளிரங்கியில். மிஸ் குடிபோதையில் வந்த விருந்தாளியாக நடித்தார். மேசைக்கு மேலால் சாய்ந்து சத்தம் போட்டார்.

"ப்ளீஸ் ஸ்டெப் பேக், சேர். தென் ஐ வில் ஹெல்ப் யூ."

மிஸ் பின்னால் போனார். நடிப்பை மறந்து "ஐ ஆம் சொறி" என்றார்.

தேறினார். நகரத்து ஹோட்டல் நேர்முகம் அடுத்த வாரமாம். கீழே நானாவின் ஹோர்ன். இந்தமுறை பரீதா அவசரப்படவில்லை, தேநீரை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

நேற்று பௌர்ணமி, போயா லீவு. இன்று புதிய ஆட்கள், மூதூர்ப் பெண்கள் நான்கு பேர். நான் கேட்காமலே பரீதா உதவிக்கு வந்துவிட்டார்; அவர்களுக்கு அவர் ராத்தா, அக்கா. நேர்முகம் முடிந்தது, பதில் இன்னும் வரவில்லை.

முதற்பாடமாக வெளியே போகும் பட்டனைக் காட்டினேன். வந்ததும் வராததுமாகப் போகவா சொல்லித் தருகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றேன்.

இரண்டாவது பாடம் பரீதாவுடையது. குளிரங்கிப் பொம்மை நால்வரில் இளைய பெண்ணின் பொம்மையை நோக்கி நடந்தது. நிற்கவில்லை. கிட்ட, இன்னும் கிட்ட. அந்தப் பெண் மவுஸைத் தேடினாள், தவறவிட்டாள், பிடித்தாள். தட்டு. தட்டு.

"மறைஞ்சிட்டனா?"

"ஓம் ராத்தா."

"நல்லம். இன்னொருக்கா வாறன்."