அந்தப் பக்கத்தில் நீ இன்னும் சாகவில்லை

என் சண்டைக்கார அண்ணாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். எனக்குத்தான் பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி எல்லாமே மரத்துக் கிடக்கிறது. தாமல் ஏரி நிரம்பிவிட்டதாம், பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. ஒரு தப்பு பண்ணிவிட்டேன்.

உன் டிசைன் ரூமை நான் மூடவில்லை. கிராஃப் தாளில் வரைந்த சேலை பார்டரை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை இப்போது நானே பார்க்கிறேன். உன் காரியம் முடிந்த மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஸ்கேனர் கம்பெனியின் இணையதளத்தில், வாங்கினவர்கள் சந்தேகம் கேட்கிற பக்கம் இருக்கிறதே, அதில் உன் பெயருக்கு ஏழெட்டுக் கேள்விகள் காத்திருந்தன. ஒருவர் இரண்டு தரம் கேட்டிருந்தார், "சார், இருக்கிறீர்களா?" என்று.

கம்பெனிக்காரன் சம்பளமா கொடுத்தான் உனக்கு? எந்த ஊரோ யாரோ, எல்லாருக்கும் மூன்று வருஷமாகப் பதில் எழுதினாய். "வேற பொழப்பு இல்லியாண்ணா உனுக்கு?" என்று நான் கத்தும்போதெல்லாம், "ஒருத்தன் மாட்டிக்கினு முழிக்கிறான்டி, தெரிஞ்சத சொல்றதுக்கு இன்னா?" என்பாய்.

அன்றைக்கு, அந்த இரண்டு தரம் கேட்டவருக்கு நான் பதில் எழுதினேன். உன் பெயரிலேயே. பாஸ்வேர்டை மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்திருந்தாயே, கிறுக்கா. "நன்றி சார்" என்று பதில் வந்தது. அந்த 'சார்' நீதானே? அதைப் பார்த்ததும் நீ டீ குடிக்க வெளியே போயிருக்கிறாய் என்று தோன்றியது. அப்புறம் என்னால் விட முடியவில்லை. எந்தக் கோளாறுக்கு என்ன செய்யவேண்டும் என்று நீ குறித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் எழுதினேன். நீ இறந்துபோன விஷயம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

போன மாதம் அஸ்ஸாமிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார், ஸ்கேனர் கறகறவென்று சத்தம் போடுகிறது என்று. உன் நோட்டில் இருந்தது: அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால், உள்ளே நகரும் விளக்கைப் பிடித்திருக்கும் பூட்டு விடும். நான் அதை அப்படியே எழுதிவிட்டேன். பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் கேட்காமல் நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை, அதை நான் கேட்கவில்லை. உன்னைப் போலச் சட்டென்று பதில் போடவேண்டும் என்கிற அவசரம். அவருடையது புது மாடல். அதில் அந்தத் திருகுதான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி கழன்று விழுந்து உடைந்துவிட்டது.

அவர் திட்டக்கூட இல்லை. "உங்களை நம்பித் திருப்பினேன் சார்" என்று ஒரே வரி.

அதே வாரம் கம்பெனியிலிருந்து உனக்கு மெயில் வந்தது. பலன் எதிர்பாராமல் மற்றவர்களுக்கு உதவுகிற சிலரை இந்த வருஷம் கௌரவிக்கிறார்களாம். 'நட்சத்திர உதவியாளர்' என்று உன் பெயருக்குப் பக்கத்தில் போடுவார்களாம். ஒரு போட்டோவும் உன்னைப் பற்றி இரண்டு வரியும் கேட்டிருந்தார்கள்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். போட்டோவைத் தேடிக்கொண்டே, "நட்சத்திரமா குடுக்கறாங்க?" என்று கேட்டாள். உண்மையை எழுதப் போகிறேன் என்று நான் சொன்னதும் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"சொல்லாதம்மா. அங்கயாவது அவன் இருந்துக்கினு போவட்டும்."

எனக்கு மட்டும் ஆசை இல்லையா அண்ணா? வாயை மூடிக்கொண்டு போட்டோவை அனுப்பியிருந்தால் நீ அங்கே இன்னும் எத்தனையோ வருஷம் இருந்திருப்பாய். ஆனால் அந்த டீச்சரின் ஸ்கேனர் கண்ணாடியை உடைத்த பழியும் உன் தலையில்தான் இருந்திருக்கும். மூன்று வருஷமாக ஒரு தப்பான பதில்கூடச் சொல்லாதவன் நீ. கிடைக்கிற பட்டத்தோடு அதையும் சேர்த்து உன்மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அவர் இறந்துவிட்டார், இந்தத் தேதிக்குப் பிறகு வந்த பதில்கள் அவருடையவை அல்ல என்று. அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரிதானா? நீயாவது சொல்லேன்.

நட்சத்திரம் உனக்குத்தான் என்று கம்பெனி பதில் போட்டது. உன் பதில்கள் அப்படியே இருக்கும், உன் பெயரில் இனி யாரும் எழுத முடியாதபடி மூடிவிட்டார்கள். சேதியை அந்தப் பக்கத்திலும் போட்டார்கள்; யார் யாரோ வந்து அதன் கீழே அனுதாபம் எழுதினார்கள். எல்லாவற்றையும் படித்தேன், யாருக்கோ வந்த தபால் மாதிரி. கடைசியாக அந்த டீச்சர் கேட்டிருந்தார்: "அப்படியென்றால் எனக்குப் பதில் சொன்னது யார்?"

நான் என் பெயரில் பதிவு செய்துகொண்டேன். பெயருக்குப் பக்கத்தில் 'புதியவர்' என்று வந்தது. "அவர் தங்கை. தப்பு என்னுடையது. அவர் உயிரோடு இருந்திருந்தால் முதலில் உங்கள் மாடல் நம்பரைக் கேட்டிருப்பார்" என்று அடித்தேன். 'உயிரோடு இருந்திருந்தால்' என்று உன்னைப் பற்றி நான் எழுதியது அதுதான் முதல் தடவை. அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அனுப்பினேன்.

அந்த மாடலுக்குக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சருடைய ஸ்கேனர் ஓடுகிற வரைக்கும் அவரை நான் விடமாட்டேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவேன், இனி என் பெயரில்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி