வெந்நீர்ப் பையைத் தேட வேண்டாம்

ஜெரின்,

எனக்குக் காலை டியூட்டி. அசந்து தூங்கினீர்கள், எழுப்பவில்லை. புட்டு ஹாட்பாக்ஸில், மீன் குழம்பு ஃபிரிட்ஜில். ராத்திரி கோபத்தில் சாப்பிடாமல் படுத்தீர்கள், இப்போதாவது சாப்பிடுங்கள்.

வெந்நீர்ப் பை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறது. வார்டில் யாருடைய முதுகுவலிக்காவது உதவும்.

"ஒரு பைக்கா இவ்ளோ பேச்சு?" என்று கத்தினீர்களே, டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்? ஸ்கேனில் விதைப்பையில் நரம்புப் புடைப்பு இல்லை. விந்தணுக்களின் எண்ணிக்கையும் குறைவில்லை. நீந்துவதில்தான் மந்தம், அதனால்தான் கருமுட்டைவரை போய்ச் சேர மாட்டேன் என்கின்றன. துவாரகாவின் வடநாட்டுக் குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மடியில் சுடச்சுடப் பை, அதன்மேல் லேப்டாப். பாவம், அவை என்ன செய்யும்? சூடுதான் காரணமாக இருக்கும், அதை நிறுத்தினால் மூன்று மாதத்தில் புதிதாக உருவாகிறவை நன்றாக ஓடலாம் என்றார். "டென்ஷன் மத் லோ", கவலைப்படாதீர்கள் என்று உங்கள் தோளையும் தட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, நிம்மதியில்.

சரோஜினி நகரில் பேரம் பேசி அந்தப் பையை வாங்கித் தந்தவள் நான்தான். ஆகவே உங்கள் கோபத்தில் பாதி எனக்குச் சேரட்டும்.

பெனிலா

தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர்காரர் மத்தியானம் வருவார். பெல் அடித்தால் கதவைத் திறங்கள்.

குளிருதே என்று புதுப் பை ஆர்டர் போட்டுவிடாதீர்கள். சாயங்காலம் வந்துவிடுவேன். என் பாதங்களோடு உங்கள் பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு தப்பில்லை, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன்.