முதுகில் இரண்டாவது ஊசி

செப். 9, செவ்வாய்

மண்டையைப் பிளக்கும் வெயில். சாயங்காலம் மேகம் கூடி, ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. துணி காய்ந்தது, அதுவரை லாபம்.

நாளை விழுப்புரத்தில் ஊசி. எடுத்துவைக்க வேண்டியவை: ஸ்கேன் ஃபைல், லூசான சுடிதார் (நர்ஸ் சொன்னது), மகிழுக்கு மாற்றுத் துணி, கேப்பைக் கஞ்சி ஃபிளாஸ்க்கில். அத்தைக்கு வெற்றிலை, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியே தாங்காது.

மகிழ் பிறந்து பதினாலு மாதம். வலியும் அவளோடு பிறந்ததுதான். வலப்பக்கம், முதுகுத்தண்டு இடுப்பெலும்போடு சேருகிற மூட்டு. "பிரசவத்துல லூசான ஜாயின்ட், திரும்ப இறுகல. உள்ள வீக்கம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. மாத்திரை, பெல்ட், பிசியோ எல்லாம் ஆயிற்று. உட்கார்ந்து எழுந்தால் கத்தி சொருகுகிற மாதிரி. குழந்தையைத் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை. இப்போதெல்லாம் தூக்குவதே இல்லை.

அதைவிட ஒன்று. மகிழ் என்னிடம் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். மற்ற எல்லோரிடமும், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட, இரண்டு கையும் மேலே. என்னிடம் வந்தால் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கெட்டிக்காரி. இந்த விஷயத்தில் அவள் மக்காக இருந்தால் தேவலை.

அத்தைக்கு இந்த ஊசியே பிடிக்கவில்லை. சிசேரியனுக்கு முதுகில் போட்ட மரப்பு ஊசிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

"ஊசி போட்டுதான் என் மருமவ இடுப்பு போச்சி. அதே எடத்துல இன்னொண்ணா? இன்னா டாக்டருங்களோ."

"அது வேற எடம் அத்தை, இது மூட்டு."

"எல்லாம் ஒரே முதுகுதான யம்மா?"

ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு என்றதும் இவர்: "ஸ்டீராய்டுன்னா ஜிம்முல பசங்க போட்டுக்கினு சுத்துவானுங்களே, அதுவா? அப்ப நீ என்னையும் சேத்துத் தூக்கலாம்." முதுகில் ஒன்று வைத்தேன். வலித்தது, எனக்கு.

பயம்: கால் விளங்காமல் போனால். பால் வழியாக மருந்து மகிழுக்குப் போனால். போட்டும் சரியாகாவிட்டால். கடைசிதான் தூங்கவிடவில்லை.


செப். 10, புதன்

ஆயிற்று.

திண்டிவனத்திலிருந்து பஸ். உட்கார்ந்தால் வலி என்பதால், காலி சீட்டுகளுக்கு நடுவே நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கண்டக்டர்: "சீட்டு சும்மாதான கீது, உக்காரும்மா. நின்னுகினு வந்தா டிக்கெட்டு கொறையாது." மடியில் மகிழோடு அத்தை: "அவ நிக்கறது உனுக்கு இன்னா பேஜாரு? நீ டிக்கெட்ட கிழி."

எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டேதான் ஊசியாம். அதனால் நர்ஸ், "நாள் கீள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்றாள். அத்தை முகத்தில் ஒரு பல்பு எரிந்தது. இல்லை என்றேன். அணைந்தது.

குப்புறப் படுத்து, வயிற்றுக்கு அடியில் தலையணை. முதுகில் சில்லென்று ஏதோ தடவினார்கள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றார் டாக்டர். அவர் எந்த ஊர் எறும்பைப் பார்த்தாரோ. பிறகு உள்ளே ஓர் அழுத்தம், அப்படியே என் வலி, என்னுடையதேதான். "இதான், இதான்!" என்று கத்திவிட்டேன். "அப்ப சரியான எடத்துலதான் இருக்கோம்" என்று சிரித்தார்.

பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். "தாராளமா குடுங்க. வெளிய போயிட்டு வந்து கேட்டாலும் இதான் பதில்."

ஒரு வாரம் குழந்தையைத் தூக்கக்கூடாது என்றார். நான், இவர், அத்தை மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தேன். வலி இல்லை. வராந்தாவில் நடந்தேன். இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். மகிழை என் இடுப்பில் வைத்தார்.

"வெச்சிக்க யம்மா. எத்தினி நாளாச்சி."

வாங்கிக்கொண்டேன். எப்படி வேண்டாம் என்பது? எவ்வளவு கனத்துவிட்டாள். கழுத்தில் கஞ்சி வாசனை.

"யம்மா! இன்னா பண்ற நீ!" என்று இவர் அத்தையை அதட்டி, குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளும் வரை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை போனை வைக்கவே இல்லை. பிரம்மதேசத்தில் இருக்கும் தங்கச்சி, நாத்தனார், எதிர்வீடு. "மான் மாரி துள்ளிக்கினு போறா என் மருமவ!" பஸ்ஸே திரும்பி மானைப் பார்த்தது.


செப். 11, வியாழன்

எழுந்திருக்க முடியவில்லை. முன்னைவிட மோசம். புரள முடியவில்லை. இவர் லீவு போட்டுவிட்டு, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். எல்லாம் போச்சு என்று அழுகை.

அத்தை உப்பும் மிளகாயுமாக வந்தார். "கண்ணு. பஸ்ல கடைசி சீட்டுல ஒருத்தி உடாம பாத்துக்கினே வந்தா. நானாச்சும் வாய மூடிக்கினு இருந்தனா?" மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டார். இருமல்கூட வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். இருமியிருக்கலாம் நான்.

மத்தியானம் சமையலறையில் இவரிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது.

"கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லடா. நான்தான் கொயந்தைய அவ இடுப்புல வெச்சேன். நல்லா ஆயிட்டிருந்த பொண்ண நானே கெடுத்துட்டேன்."

படுக்கையிலிருந்தே கத்தினேன்: "நான்தான அத்தை வாங்கினேன்!"

 காலையிலிருந்து அத்தை சாப்பிடவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நர்ஸ்: "நேத்து மரப்பு மருந்தும் கலந்துதான் போட்டது, அதான் உடனே வலி தெரியல. அது விட்டுடுச்சி. மெயின் மருந்து மெதுவாத்தான் புடிக்கும். நடுவுல வலி ஏறும், பயப்படாதீங்க. ஐஸ் வைங்க. டாக்டர் சொன்னாங்களே?"

சொல்லியிருப்பார். நான் பாலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். படித்தது எம்.எஸ்சி. வேறு.

"கொயந்தைய தூக்கிட்டாம்மா" என்று அத்தை, போனை நோக்கிக் குனிந்து.

"கொஞ்ச நேரம்தான? அதுல மருந்து கொட்டிப் போயிடாது. இனிமே ஒரு வாரம் தூக்காம இருக்கட்டும்."

"அப்ப கண்ணு இல்லியா?"

"கண்ணும் இருக்கலாம்மா. ஐஸையும் வைங்க."

அத்தை எழுந்துபோய்ச் சாப்பிட்டார். பிறகு ஐஸைத் தன் பழைய புடவையில் சுற்றி, வைத்துவிட்டுப் போகாமல், தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை விறைத்திருக்கும். மாற்றி மாற்றிப் பிடித்தார்.


செப். 13, சனி

மழை. வலி கொஞ்சம் குறைவா, அப்படி நினைக்கிறேனா?

பிரம்மதேசத்திலிருந்து பச்சை மல்லாட்டை ஒரு பை. அவித்து, கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து தின்றோம். நான் நின்றுகொண்டு. மகிழுக்கு ஒரு கடலைகூடக் கூடாது, தொண்டையில் சிக்கும் என்றேன். "உன் வூட்டுக்காரன் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே தின்னான்." "அதான் இப்பிடி இருக்காரு." அத்தைக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. பார்த்தீர்களா, சிக்கும் என்றேனே என்றேன்.

மகிழ் இன்றைக்கும் காலைத்தான் கட்டிக்கொண்டாள்.


செப். 17, புதன்

புரட்டாசி பிறந்தது. இன்று முதல் கவிச்சி இல்லை, இவர் முகம் தொங்கிப்போய் ஆபீஸ் போனார். காலையிலேயே வீடு முழுக்கக் கழுவல்.

பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மகிழ் குளியலறை அண்டாவில் எக்கி, பாதி உடம்பு விளிம்புக்கு மேலே. எப்படி ஓடினேன் தெரியாது. குனிந்து, வாரி, இடுப்பில்.

"ஏய்! எறக்கு! ஜல்தி எறக்கு கொயந்தைய!" துடைப்பத்தோடு அத்தை.

அப்போதுதான் தெரிந்தது, தூக்கியிருக்கிறேன். அப்படியே நின்றேன். அத்தையும் நின்றார். இருவரும் வலிக்காகக் காத்திருந்தோம்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. இல்ல."

மகிழ் ஈரக்கையால் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அத்தை தெருப்பக்கம் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"யாருகிட்டயும் மூச்சு வுடாத."

"அவருகிட்ட?"

"அவன் வாய் என் வாய். ஒரு வாரம் போவட்டும்."

அந்த நேரம் பார்த்து என் அம்மாவின் போன். "இடுப்பு எப்படிடீ இருக்கு?" அத்தையின் கண் என் வாய்மேலேயே.

"அப்படியேதாம்மா இருக்கு."

அத்தை பலமாகத் தலையாட்டினார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள், நாளைக்கே கிளம்பி வருகிறாளாம். பாவம். இறக்கிவிடப் பார்த்தேன், மகிழ் இறங்கவில்லை.